நாற்பதை நெருங்கும்போது எம்.பி.பி.எஸ்.: முதலில் பீரோவைத் திறங்கள்

பதினாறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு, 38 வயதில் தமிழ்நாட்டின் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தேன். ‘எப்படி சேர்ந்தீங்க?’ என்று கேட்பவர்கள் எல்லாரும் எந்தப் புத்தகம் படித்தேன் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்குப் புத்தகத்தால் போன தூக்கத்தைவிட, ஒரு இனிஷியலால் போன தூக்கம் அதிகம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு எல்லாக் காகிதமும் பள்ளிக்கூடத்திலேயே தயாராகிவிடும். நமக்கோ பாதி அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில், மீதி எங்கே என்றே தெரியாது. வேலையில் இருந்துகொண்டு இந்த ஆசையை மனதில் வைத்திருப்பவர்களுக்காக, நான் தடுமாறிய வரிசையிலேயே எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கணக்குத்தான், வேறு மாநிலத்தில் கலந்தாய்வு விதிகள் மாறும்.

1. வயது: ஒரு வரியில் முடிகிற விஷயம்

நீட் எழுத, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது. தேசிய மருத்துவ ஆணையம் எடுத்த முடிவின்படி 2022 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2025-ல் தென்காசிப் பக்கம் 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர், மகளோடு சேர்ந்து படித்து, மாற்றுத்திறனாளிகள் பிரிவில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினார். ‘25 வயசுக்கு மேல முடியாதாமே’ என்று சொல்கிற சித்தப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

2. பிளஸ் டூவில் உயிரியல் இருந்ததா?

என்னைப் போல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் சுவர் இது. இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். உயிரியல் இல்லையென்றால் கதவு மூடிவிட்டது என்று நினைத்துப் பல வருடம் சும்மா இருந்துவிட்டேன். 2023 நவம்பரில் ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு விடுபட்ட பாடத்தைக் கூடுதல் பாடமாக, அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் எழுதித் தேறியிருந்தாலும் போதும்.

நான் போனது என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக. முழு பிளஸ் டூவையும் திரும்ப எழுத வேண்டியதில்லை, உயிரியல் ஒன்றுக்கு மட்டும் பதியலாம். பொதுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும்: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். செலவு சில ஆயிரங்களுக்குள் அடங்கும்.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். செய்முறைத் தேர்வு கட்டாயம். உங்கள் படிப்பு மையம் அதற்கான தேதியை மெசேஜில் அனுப்பும் என்று காத்திருக்காதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள். வீட்டிலிருந்து எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு, அவற்றுக்குக் கடைசித் தேதியும் உண்டு. மூன்றாவது காலக்கணக்கு: அக்டோபர் தேர்வுக்கான பதிவை விட்டுவிட்டால் ஒரு நீட்டே கையைவிட்டுப் போய்விடும். நான் 2024 தொடக்கத்தில் பதிந்து, அக்டோபர் தேர்வு எழுதி, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு 2025 நீட்டுக்கு விண்ணப்பித்தேன். இதைவிட நெருக்கமாகத் திட்டம் போடாதீர்கள்.

3. உங்கள் பெயர் எத்தனை விதமாக இருக்கிறது?

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம், ஆதார், பான், சாதிச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதுங்கள். என் பத்தாம் வகுப்பில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தாக இருந்தது. ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பானில் அப்பா பெயர் முழுதாக. பட்டச் சான்றிதழில் பெயருக்கு நடுவே ஓர் ‘எச்’ கூடுதல். ஒரே ஆளுக்கு நான்கு பெயர்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரைத்தான் மூலப் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும். நீட் விண்ணப்பத்திலும் அதையே போடுங்கள். மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுவதில் ஆதாரிலிருந்து ஆரம்பியுங்கள், நீட் விண்ணப்பத்துக்கு ஆதார்தான் அடிப்படை. ஆதார் திருத்தம் சில நாளில் முடிந்துவிடும், ஆனால் அதற்கு ஆதாரமாக அவர்கள் கேட்கும் சான்றில் பெயர் சரியாக இருக்க வேண்டும். கல்யாணமான பெண்களுக்கு ஒரு வார்த்தை: கணவர் பெயரை இனிஷியலாக மாற்றியிருந்தால், சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில்தான் வரும் என்பதால் இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்புச் சான்று வேண்டும். திருமணப் பதிவுச் சான்றிதழையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் தயாராக வைத்திருங்கள். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும். அதற்குச் சில மாதம் ஒதுக்கிவிடுங்கள்.

4. காணாமல் போன காகிதங்கள்

பிளஸ் டூ அசல் மதிப்பெண் சான்றிதழ் எங்கே? எனக்கு அது முதல் கம்பெனியில் சேர்ந்தபோது சரிபார்ப்புக்குக் கொடுத்ததில் போய்விட்டது என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில், நாப்தலின் வாசத்தோடு கிடைத்தது. உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லையென்றால், தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணப் புகாரைப் பதிந்து, படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு நகல் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். பள்ளிக்கு நேரில் போங்கள். மார்ச், ஏப்ரலில் போகாதீர்கள். கிளார்க் விடைத்தாள் திருத்தும் மையத்துக்கோ தேர்வுப் பணிக்கோ போயிருப்பார்.

மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., கடைசியாகப் படித்த இடத்திலிருந்து வேண்டும். பட்டம் படித்தவர்களுக்கு அது கல்லூரி டி.சி. இடைவெளி வருடங்களை விளக்க நோட்டரி கையெழுத்தோடு முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் கல்லூரியில் சேரும் நாளில் கேட்டார்கள். மாநிலப் பாடத்திட்டம் அல்லாத வாரியச் சான்றிதழ் இருந்ததால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழையும் கேட்டார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்ததற்கான சான்றை அந்தந்தப் பள்ளியில் வாங்குங்கள். நடுவில் அப்பாவின் மாற்றலால் ஓரிரு வருடம் வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஆனால் அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும்.

5. சாதி, வருமானம்: உங்கள் சம்பளம் எங்கே கணக்கு, எங்கே கணக்கில்லை

வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் அதிகமாகக் குழம்புவது இங்கேதான். மாநில ஒதுக்கீட்டுக்கு உங்கள் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் போதும், பி.சி., எம்.பி.சி.க்கு இங்கே கிரீமி லேயர், அதாவது வசதியான குடும்பமா என்று, பார்ப்பதில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் மத்திய அரசு வடிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். மாநிலச் சான்றிதழை அங்கே நீட்டினால் பொதுப் பிரிவில் தள்ளிவிடுவார்கள்.

அந்த ஓ.பி.சி. சான்றிதழுக்குப் பார்ப்பது பெற்றோரின் பதவியையும் வருமானத்தையும்தான். உங்கள் சம்பளமோ கணவர், மனைவியின் சம்பளமோ கணக்கில்லை. என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு ‘நீங்க கிரீமி லேயர்ம்மா’ என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். மத்திய அரசின் விதியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது வேலை முடிந்தது. நீங்களும் ஒரு பிரதி கையில் வைத்திருங்கள்.

பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கான ஈ.டபிள்யூ.எஸ். இதற்கு நேர் எதிர். அதில் உங்கள் வருமானம், துணையின் வருமானம் எல்லாம் சேர்த்துக் குடும்பத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதுவும் அகில இந்திய ஒதுக்கீட்டில் மட்டும்தான். தமிழ்நாட்டின் மாநில இடங்களில் அது கிடையாது. முதல் பட்டதாரி சலுகையையும் மறந்துவிடுங்கள், உங்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்கிறது.

6. பணம்

நாலரை வருடப் படிப்பு, அதன் பிறகு ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், அதாவது மருத்துவமனைப் பயிற்சி. ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது உதவித்தொகை வரும். ஆகவே 54 மாதம் உங்கள் பக்கமிருந்து வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என் பங்குச் செலவு மாதம் 38 ஆயிரம். 54-ஆல் பெருக்கினால் இருபது லட்சத்துக்கு மேல். கல்லூரிக் கட்டணத்தைவிட இந்த எண்தான் முடிவைத் தீர்மானிக்கும். இதைக் கணவரோடு, மனைவியோடு, கூட இருக்கும் மாமியாரோடு உட்கார்ந்து பேசாமல் முதல் அடி வைக்காதீர்கள். பேசிய அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் அன்றைக்கே பேசியது நல்லது.

கட்டணம்: அரசுக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரங்கள். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் வருடம் நான்கு லட்சத்துக்கு மேல். அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு 13 லட்சத்துக்கு மேல் போகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அதற்கும் மேலே. என் கருத்து இது: நம் வயதில் அரசு இடம் கிடைத்தால் சேருங்கள், அல்லது தனியாரில் அரசு ஒதுக்கீடு. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு வீட்டை விற்று, 44 வயதில் கடனோடு வெளியே வந்தால் முதுநிலைக்கு மூச்சு இருக்காது.

கல்விக் கடன் உங்களுக்கும் கிடைக்கும். ஏழரை லட்சம் வரை பிணையம் இல்லாமல் கொடுக்கும் திட்டம் உண்டு; அதற்கு மேல் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். இணைக் கடனாளி யார் என்பதை முன்பே பேசி வையுங்கள். எழுபது வயது அப்பாவை வங்கி ஏற்காது, சம்பளம் வாங்கும் துணையை ஏற்கும்.

வெளிநாட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று ஏஜென்ட் வருவார். நீட் தேர்ச்சி அதற்கும் கட்டாயம். அங்கே 54 மாதப் படிப்பும் அதே நாட்டில் 12 மாதப் பயிற்சியும் இருக்க வேண்டும், ஆங்கில வழியாக இருக்க வேண்டும், திரும்பி வந்து 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வும் உண்டு. இந்த நான்கையும் சொல்லாத ஏஜென்ட்டிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வேலையை விட்ட அன்றே கம்பெனியின் மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. கடைசி வேலை நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

7. படிப்பு

180 கேள்வி, 720 மதிப்பெண், 180 நிமிடம். அதில் 90 கேள்வி உயிரியல். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. தமிழிலும் எழுதலாம். பாதி மதிப்பெண் உயிரியலில் இருப்பதால், மனப்பாடம் வராது என்று பயப்படும் நம்மைப் போன்றவர்கள் அதிலேயே வருடத்தைக் கழித்துவிடுவோம். என்னைக் கவிழ்க்கப் பார்த்தது இயற்பியல்தான். 2025-ல் அது எல்லாரையும் வாட்டியது. நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686-தான். முந்தைய வருடம் 720 எடுத்தவர்களே பலர் இருந்தார்கள். ஆகவே ‘எத்தனை மார்க் வேண்டும்’ என்று போன வருடக் கட்-ஆஃபை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தகுதி மதிப்பெண்ணும் இடம் வாங்கும் மதிப்பெண்ணும் வேறு. 2025-ல் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 144. அதை வைத்துக்கொண்டு பொதுப் பிரிவில் அரசு இடம் கேட்க முடியாது.

பழைய புத்தகம் வாங்கும்போது கவனம். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் குறைக்கப்பட்டுவிட்டது. நான் மூர் மார்க்கெட்டில் மலிவாக வாங்கிய கைடில் இருந்த, பாடத்திட்டத்தில் இப்போது இல்லாத அத்தியாயத்தையெல்லாம் ஒரு மாதம் படித்துத் தீர்த்தேன். புதிய பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, மத்திய அரசின் பள்ளிப் பாடநூலான என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரிவரியாகப் படியுங்கள். கோச்சிங் சென்டருக்குப் போவதென்றால் தவணையில் கட்டுங்கள். நான் முழுத் தொகையையும் கட்டிய ஓரிடத்தில் மாலை பேட்ச் மூன்றே மாதத்தில் நின்றுபோனது. பணம் திரும்ப வரவில்லை.

கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஓ.எம்.ஆர். விடைத்தாளில் ஒரு வரி தள்ளிக் கருப்படித்ததை மாதிரித் தேர்வில்தான் கண்டுபிடித்தேன். மறுநாளே ரீடிங் கிளாஸ் வாங்கினேன்.

8. விண்ணப்பமும் தேர்வு நாளும்

2025-ல் விண்ணப்பம் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை, தேர்வு மே 4. கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700, ஓ.பி.சி., ஈ.டபிள்யூ.எஸ்.க்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000 ரூபாய். கொடுக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் சொந்தமாக இருக்கட்டும். ஆபீஸ் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு ராஜினாமா செய்த ஒருவரை எனக்குத் தெரியும், ஓ.டி.பி.க்கு அவர் பட்ட பாடு தனிக் கதை.

தேர்வு இரண்டு மணிக்கு, கேட் ஒன்றரைக்கு மூடிவிடும். அரைக்கை உடையும் செருப்பும் போட்டுக்கொண்டு, நகை இல்லாமல் போங்கள். நான் ஹால் டிக்கெட்டோடு வரிசையில் நின்றபோது காவலாளி, ‘அம்மா, பேரண்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் நிழல்ல நில்லுங்க’ என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அதையும் என்னையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, ‘போங்க மேடம், ஆல் தி பெஸ்ட்’ என்றார். பின்னால் நின்ற பையன் சிரித்ததில் எனக்கும் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

9. கலந்தாய்வு

இரண்டு தனித்தனி விண்ணப்பங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு எம்.சி.சி. எனப்படும் மத்தியக் கலந்தாய்வுக் குழு; மாநில இடங்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. நீட் எழுதினால் தானாக மாநிலப் பட்டியலில் பெயர் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2025-ல் நீட் முடிவு ஜூன் 14-ல்தான் வந்தது. மாநில விண்ணப்பம் அதற்கு முன்பே ஜூன் தொடக்கத்தில் திறந்துவிட்டது. அந்த மாதத்துக்குள்ளேயே மூடியும் விட்டது.

மாநிலத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கை மட்டும் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுப் பூட்டாதீர்கள். பிள்ளை குட்டிக்காரர்கள் செய்யும் தப்பு இது. நாமக்கல்லோ ராமநாதபுரமோ கிடைத்தாலும் போவீர்களா என்பதை முன்பே வீட்டில் முடிவுசெய்து, போகத் தயாரான எல்லாவற்றையும் விருப்ப வரிசையில் போடுங்கள். எம்.சி.சி.யில் முதல் சுற்றில் இடம் வேண்டாமென்றால் நஷ்டமில்லாமல் விலகலாம். அடுத்தடுத்த சுற்றுகளில் வைப்புத் தொகை போகும், கடைசிச் சுற்றில் ஒதுக்கிய இடத்தில் சேராவிட்டால் அடுத்த நீட்டே எழுத முடியாது. சேர்ந்துவிட்டுப் பாதியில் விட்டாலும் லட்சக்கணக்கில் அபராதம் உண்டு, அசல் சான்றிதழ்களும் கல்லூரியில்தான் இருக்கும்.

10. ராஜினாமா எப்போது?

ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு கல்லூரியில் சேர ஒரு வாரம்போலத்தான் அவகாசம். ஐ.டி. கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள். இரண்டும் ஒத்துவராது. தேர்வுக்கு முன்பே ராஜினாமா செய்வது சூதாட்டம். ஆணை வந்த பிறகு செய்வது தாமதம். நான் நீட் முடிவு வந்து, என் தரவரிசை எங்கே நிற்கும் என்று ஓரளவு தெரிந்த பிறகு நோட்டீஸ் கொடுத்தேன். மிச்ச நாட்களைச் சேர்த்துவைத்திருந்த விடுப்பாலும், கையிலிருந்து பணம் கட்டியும் சரிக்கட்டினேன். நோட்டீஸை விலைகொடுத்து முடிக்கும் விதி உங்கள் ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அரசு ஊழியர்கள் தேர்வெழுதவே துறை அனுமதி வாங்க வேண்டும், அதைத் தனியாகத் தொடங்குங்கள்.

11. சேர்ந்த பிறகு முதல் வாரம்

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியில் மாணவர் கையெழுத்தோடு பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். ‘என் பிள்ளை யாரையும் ராகிங் செய்யாது’ என்று 71 வயது அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் சார்பில் கையெழுத்துப் போட்டார். ஊரில் இருக்கும் பெற்றோரை அன்றைக்கு வரச் சொல்லுங்கள், அல்லது பாதுகாவலராகத் துணையை ஏற்பார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

வகுப்பில் வருகை 75 சதவீதம், செய்முறையில் 80 சதவீதம். குழந்தைக்குக் காய்ச்சல் என்ற காரணம் அங்கே செல்லாது, வீட்டில் மாற்று ஆள் ஏற்பாடு வேண்டும். முதலாண்டுத் தேர்வைத் தாண்ட நான்கு முயற்சிதான். முழுப் படிப்பையும் 9 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். உடற்கூறியல் படிக்கத் தேவைப்படும் எலும்பு செட்டைப் புதிதாக வாங்காதீர்கள். சீனியரிடம் கேட்டால் பாதி விலைக்குக் கிடைக்கும். ‘அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இன்னும் குறைத்தும் கொடுப்பார்கள். வெள்ளைக் கோட்டு இரண்டு வாங்குங்கள். டிசெக்‌ஷன் ஹாலுக்குப் போடுவதில் ஃபார்மலின் வாடை ஏறிவிடும், அதை வீட்டுத் துணியோடு சேர்த்து மெஷினில் போடாதீர்கள்.